பாண்டியனின் குதிரைகள் என்ன சாப்பிட்டன?

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஓர் ஆட்டைக் கொன்றேன். சோறு போட்டுத்தான் கொன்றேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்காக வாப்பா வாங்கி வந்திருந்த கிடா அது. இரண்டு மாதமாக நான்தான் அதற்கு எல்லாம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முருங்கைத் தழை, அகத்தி, வேலி ஓரத்துப் புல் என்று எதையாவது ஒடித்துக்கொண்டு வந்து போடுவேன். அந்த வாரம் பக்கத்துத் தெருவில் கல்யாணம். காயல்பட்டினத்துக் களரிச் சாப்பாட்டை அறிந்தவர்களுக்குத் தெரியும், நெய்ச்சோறு எப்போதும் மிஞ்சும். ஒரு வாளி நிறைய அள்ளி வந்து கிடாவின் முன்னால் வைத்தேன். அப்படியொரு ஆசையோடு தின்றது. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. தழையையே தின்றுகொண்டிருந்த பிள்ளைக்குக் கல்யாணச் சாப்பாடு போட்ட மாதிரி.

மறுநாள் காலையில் அது எழுந்திருக்கவில்லை. வயிறு உப்பிப் போயிருந்தது, பல்லை நறநறவென்று கடித்தது. கால்நடை மருத்துவர் வருவதற்குள் அஸர் நேரம் ஆகிவிட்டது. "எவ்வளவு சோறு வச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். நான் வாளியைக் காட்டினேன். உம்மா என்னைத் திட்டவில்லை. "நல்லதுன்னு நெனச்சுத்தானே வாப்பா செஞ்ச" என்றார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

இருபது வருடம் கழித்து, பெங்களூரில் ஓர் இரவுப் பணியில், சர்வர் ஒன்று மீண்டு வரும்வரை பொழுதைப் போக்க மார்க்கோ போலோவின் பயண நூலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார் என்பது காயல்காரர்கள் எல்லோரும் பெருமையாகச் சொல்லும் செய்தி. எழுதியிருப்பது என்ன என்று நாங்கள் யாரும் படித்ததில்லை. அன்று படித்தேன். அதே வாளி அங்கேயும் இருந்தது.

*

மார்க்கோ போலோ சீனாவிலிருந்து திரும்பும் வழியில், 1290களின் தொடக்கத்தில் இந்தக் கரையைக் கடந்தார். மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியனின் காலம். போலோ 'காயில்' என்று எழுதும் துறைமுகம், தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே இருக்கும் பழையகாயல்தான் என்பது கால்டுவெல்லின் முடிவு. இல்லை, காயல்பட்டினம்தான் என்று வாதிடுபவர்களும் உண்டு. ஆறும் மணலும் கடலை விலக்கித் தள்ளிக்கொண்டே போன கரை இது. கொற்கையிலிருந்து பழையகாயல், அங்கிருந்து காயல்பட்டினம் என்று துறைமுகம் இடம் மாறியபடி இருந்தது. சில மைல் வித்தியாசத்துக்குச் சண்டை போட வேண்டாம்.

ஹோர்முஸ், கிஷ், ஏடன், அரேபியா எங்கிருந்தும் குதிரைகளை ஏற்றி வரும் கப்பல்கள் எல்லாம் இங்கேதான் நிற்கின்றன என்கிறார் போலோ. மன்னன் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறான், அவனுடைய சகோதரர்களும் அதே அளவு வாங்குகிறார்கள். ஒரு குதிரையின் விலை 500 சாஜி பொன், அதாவது 100 மார்க் வெள்ளிக்கும் மேல். வருட முடிவில் அவற்றில் 100 கூட உயிரோடு இருப்பதில்லை.

காரணமும் சொல்கிறார். குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. லாடம் அடித்து வைத்தியம் பார்ப்பவர்களை வியாபாரிகள் இங்கே வர விடுவதில்லை. குதிரைகள் சாகச் சாகத்தானே புதிது விற்கலாம். தீவனமாக அரிசிச் சோற்றையும் வேகவைத்த இறைச்சியையும் கொடுக்கிறார்கள். உயர்ந்த சாதி ஆண் குதிரையையும் பெண் குதிரையையும் சேர்த்தாலும், கால் கோணிய, ஏறிச் சவாரி செய்ய முடியாத குட்டிதான் பிறக்கிறது.

கிட்டத்தட்ட அதே காலத்தைப் பற்றிப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியதும் கிடைக்கிறது. கிஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் இப்ராஹீம் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை இந்தக் கரைக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனிடமே அமைச்சர். காயல் உள்பட இந்தக் கரையின் துறைமுகங்கள் அவர் பொறுப்பில். குதிரை ஒன்றுக்கு 220 தினார் என்று விலை. ஒப்பந்தத்தில் ஒரு வரி முக்கியமானது: வழியில் குதிரை அடிபட்டாலும் செத்தாலும் அதற்கும் விலை உண்டு.

ஒரு காலத்தில் பாரசீக வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து இந்தக் கரைக்கும் குஜராத்தின் கம்பாயத்துக்கும் மற்ற ஊர்களுக்குமாக ஆண்டுக்கு 10,000 குதிரைகள் போயின என்பது வஸ்ஸாஃபின் கணக்கு. பெரிய எண்களில் அவருக்குக் கொஞ்சம் பிரியம் அதிகம், பாதியாக்கியே படிக்கலாம். பாதியே பயங்கரமான தொகைதான்.

தீவனத்தைப் பற்றி அவரும் ஆச்சரியப்படுகிறார். இந்த ஊரில் குதிரைக்குப் பச்சை வாற்கோதுமை கொடுப்பதில்லை, வறுத்துக் கொடுக்கிறார்கள். தானியத்தில் நெய் சேர்க்கிறார்கள், காய்ச்சிய பசும்பால் குடிக்க வைக்கிறார்கள். கொழுக்கட்டும் என்று நாற்பது நாள் லாயத்திலேயே கட்டிப் போடுகிறார்கள். பிறகு பழக்கவும் செய்யாமல், அங்கவடியும் இல்லாமல், பேய் மாதிரி ஏறி ஓட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் காற்றாய்ப் பறந்த குதிரை எதற்கும் உதவாமல் போகிறது என்கிறார்.

நெய், பால், சோறு, கறி. களரிச் சாப்பாடேதான். பாண்டிய நாடு தன் குதிரைக்குத் தன் வீட்டு விருந்தை வைத்திருக்கிறது.

*

இங்கே நிறுத்திக்கொண்டு "பாவம், தமிழனுக்குக் குதிரை வளர்க்கத் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டுப் போகலாம். பலர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது திருப்தியாக இல்லை. எங்கள் தொழிலில் ஒரு புரோகிராம் விழுந்தால், கடைசியாகக் கண்ணில் பட்ட விநோதமான வரிமேல் பழியைப் போடுவது புதுப் பையன்கள் செய்யும் தப்பு. விநோதமாகத் தெரிவதும் தவறாக இருப்பதும் வேறு வேறு. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

வறுத்த தானியம்: வஸ்ஸாஃபுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வாற்கோதுமையின் மாவுச்சத்து பச்சையாக இருந்தால் குதிரையின் சிறுகுடலில் சரியாகச் செரிக்காது. இன்றைய தீவன ஆலைகள் அதை ஆவியில் வேகவைத்துத் தட்டையாக்கித்தான் விற்கின்றன. வறுத்தவன் முட்டாள் இல்லை.

நெய்: குதிரைக்குப் பித்தப்பை கிடையாது, ஆனாலும் கொழுப்பை நன்றாகவே செரிக்கும். பந்தயக் குதிரைகளின் தீவனத்தில் இன்றும் எண்ணெய் சேர்க்கிறார்கள்.

பால்: இது கொஞ்சம் சிக்கல். வளர்ந்த குதிரைக்குப் பாலில் இருக்கும் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துவிடும். அளவு மீறினால் கழிச்சல். ஆனால் கொன்றுவிடாது.

இறைச்சி: போலோவே வேறொரு இடத்தில் இதற்குப் பதில் சொல்கிறார். அரேபியாவின் தென்கரையில் ஷிஹ்ர் என்ற துறைமுகம். புல் முளைக்காத வறண்ட மண். அங்கே குதிரை, மாடு, ஒட்டகம் எல்லாம் காய்ந்த சின்ன மீன்களைத் தின்று வாழ்கின்றன என்று எழுதுகிறார். நம்ம கருவாடு! அந்தக் குதிரைகள் சாகவில்லை. அங்கிருந்தும் நல்ல குதிரைகள் இந்தியாவுக்கு ஏற்றுமதியாயின.

இன்னும் ஒன்று. அரிசியும் இறைச்சியும் குதிரைக்குக் கொடுப்பது ஏதோ காயல்காரர்களின் கிறுக்குத்தனமும் இல்லை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் குதிரைக் கண்காணிப்பாளருக்கு ஓர் அத்தியாயம் இருக்கிறது. முதல்தரக் குதிரைக்கு நெல் அல்லது வாற்கோதுமை, வேகவைத்த பயறு அல்லது உளுந்து, எண்ணெய், இறைச்சி, தயிர் அல்லது சாறு, வெல்லம் என்று அளவோடு அந்தப் பட்டியல் போகிறது. அதிலேயே உப்பும் இருக்கிறது, புல்லும் இருக்கிறது.

அப்படியானால் பட்டியலில் இருந்தது குற்றவாளி இல்லை. அந்தப் பட்டியலிலிருந்து எது விடுபட்டது என்றுதான் கேட்க வேண்டும். போலோவும் வஸ்ஸாஃபும் சோற்றையும் நெய்யையும் எழுதினார்கள், புல்லை எழுதவில்லை. புல் கொடுத்திருந்தால் அதில் எழுத என்ன இருக்கிறது, கொடுக்காமல் இருந்தால் அது கண்ணில் படுமா? லாக் ஃபைலில் நடந்தது மட்டும்தான் பதிவாகும். நடக்காதது பதிவாகாது.

*

இல்லாத ஒன்று நோயாகும் என்ற எண்ணமே மனிதர்களுக்கு மிகவும் தாமதமாகத்தான் வந்தது. அதுவும் கோழித் தீவனம் வழியாக, ஒரு சோற்றுப் பானை வழியாக.

டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவில் பெரிபெரி நோய் சிப்பாய்களையும் கைதிகளையும் கொன்றுகொண்டிருந்தது. கிறிஸ்டியான் ஐக்மன் என்ற மருத்துவர் 1880களின் இறுதியில் அதற்கான கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்கு அதே மாதிரி கால் இழுத்துக்கொண்டது. பிறகு திடீரென்று தானாகவே குணமானது. விசாரித்தால், ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்து அரிசியைச் சாதாரணக் கோழிக்கு ஏன் போட வேண்டும் என்று நிறுத்திவிட்டார். தவிடு நீக்காத மலிவு அரிசி போட்டதும் கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டில் இருந்து, தீட்டும்போது போய்விட்ட அந்தப் பொருளைத்தான் இன்று தயமின், வைட்டமின் பி1 என்கிறோம். 1929இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நல்ல அரிசி என்று நாம் நினைத்தது அந்தக் கோழிகளுக்குக் குறை அரிசி.

தவிடு நல்லது என்று குதிரைக்கு வாளி வாளியாகத் தவிட்டைக் கொட்டினால்? அதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது, அதுவும் அரிசி தின்னும் நாட்டில்தான். பிலிப்பைன்ஸில் அமெரிக்க ராணுவக் குதிரைகள் நொண்டின, எலும்பு முறிந்தது, தாடை எலும்பு வீங்கியது. 1932இல் கிண்ட்னர், ஹோல்ட் என்ற இருவர் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். காரணம் தீவனத்தில் இருந்த கணக்கு. கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் மிக அதிகம். தீவனத்தில் சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்தால் தடுக்கலாம்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். 500 கிலோ எடையுள்ள ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 20 கிராம் கால்சியமும் 14 கிராம் பாஸ்பரஸும் வேண்டும். சினையான கடைசி மாதங்களில் கால்சியத் தேவை 36 கிராம் வரை போகும். எந்த நிலையிலும் கால்சியம் பாஸ்பரஸைவிடக் குறையக் கூடாது. அரிசியில் ஒரு பங்கு கால்சியத்துக்குப் பத்துப் பங்கு பாஸ்பரஸ். எலும்பில்லாத இறைச்சியில் இன்னும் மோசம். தவிட்டில் இருபதுக்கும் மேல். பாஸ்பரஸ் மிகுந்தால் குடல் கால்சியத்தை உள்ளே விடாது. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்ள உடம்பு தன் எலும்பையே கரைத்து எடுத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் குதிரை கொழுகொழுவென்று இருக்கும், உள்ளே எலும்பு அரித்துக்கொண்டிருக்கும்.

ஷிஹ்ர் கரையின் குதிரை தின்ற கருவாடு முள்ளோடு சேர்ந்தது. முள்ளில் இருப்பது கால்சியம். காயலின் லாயத்துக் குதிரை தின்றது வெந்த கறி. இரண்டும் 'இறைச்சி'தான். ஒன்றில் எலும்பு இருந்தது, இன்னொன்றில் இல்லை.

கால் கோணிய குட்டிகளைப் பற்றிப் போலோ எழுதியதை இதோடு சேர்த்துப் படித்தால் எனக்குச் சிலிர்க்கிறது. தாயின் வயிற்றில் எலும்பு வளரும் மாதங்களில் கால்சியமும் தாமிரமும் துத்தநாகமும் குறைந்தால் குட்டியின் கால் கோணலாகலாம். வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்த ஒரு வரியை எழுதும்போது தான் ஒரு தீவன நோயின் அறிகுறியைப் பதிவு செய்கிறோம் என்று போலோவுக்குத் தெரிந்திருக்காது.

வைக்கோலிலும் ஒரு பொறி இருக்கிறது. அதில் ஆக்சலேட் என்ற பொருள் உண்டு, கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொங்கு நாட்டில் காங்கேயம் மாடுகள் மேயும் கொழுக்கட்டைப் புல்லிலும் அது இருக்கிறது. மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வயிறு இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்த குதிரைகளுக்குத் தாடை வீங்கியிருக்கிறது. மாட்டை நன்றாக வளர்த்த ஒரு நாடு, மாட்டுக்குக் கொடுத்ததையே குதிரைக்கும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

தீவனம் மட்டுமே கொன்றது என்று நான் சொல்லவில்லை. நாற்பது நாள் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்துவிட்டுத் திடீரென்று ஓட்டினால் தசை இறுகி விழும் நோய் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் முழுத் தீவனம் தின்று திங்கள் காலையில் வண்டியில் பூட்டப்படும் குதிரைகளுக்கு வந்ததால் ஐரோப்பாவில் அதற்குத் 'திங்கட்கிழமை நோய்' என்றே பெயர். மாவுச்சத்து அளவுக்கு மீறிப் பெருங்குடலுக்குப் போனால் புளித்து அமிலமாகிக் குளம்பு வரை வீக்கம் பரவும். என் கிடாவின் வயிற்றில் நடந்ததும் இந்தப் புளிப்புதான். ஈக்கள் பரப்பும் சர்ரா என்ற ரத்தநோயும் இந்த நாட்டில் குதிரைகளைக் கொன்றிருக்கிறது. 1880இல்தான் கிரிஃபித் எவான்ஸ் அதன் கிருமியைப் பஞ்சாபில் கண்டார். கடல் பயணமும் வெயிலும் வேறு. இத்தனைக்கும் நடுவே, எலும்பு கரைந்துகொண்டிருக்கும் ஒரு குதிரை எத்தனை நாள் தாங்கும்?

*

போன டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தபோது பைக்கை எடுத்துக்கொண்டு ஆறுமுகநேரி, ஆத்தூர், முக்காணி வழியாகப் பழையகாயல் வரை போனேன். வழியெல்லாம் உப்பளம். ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால்.

இந்த வெற்றிலை என்னை வண்டியை நிறுத்த வைத்தது. காயிலைப் பற்றிய அதே அத்தியாயத்தில் போலோ வெற்றிலையைப் பற்றியும் எழுதுகிறார். ஊரே எப்போதும் மென்றுகொண்டிருக்கிறது, பெரிய மனிதர்கள் கற்பூரமும் வாசனைப் பொருள்களும் சுண்ணாம்பும் சேர்த்து மெல்கிறார்கள் என்று. சுண்ணாம்பு என்பது கால்சியம். முத்துக் குளிக்கும் கரை இது. முத்தை எடுத்த பிறகு மிஞ்சுவது சிப்பி ஓடு, அது முழுக்கக் கால்சியம் கார்பனேட். பக்கத்தில் உப்பு. வெயிலில் வியர்த்துக் கொட்டும் குதிரைக்கு உப்பும் உயிர். கரையில் கருவாடு.

குதிரைக்குத் தேவைப்பட்டிருக்கக்கூடிய ஒவ்வொன்றும் அது இறங்கிய துறைமுகத்திலேயே கால்மாட்டில் கிடந்தது. காசு கொடுக்க வேண்டியதில்லை. பொன்னைக் கொடுத்து வாங்கிய பிராணிக்கு மன்னன் விலை உயர்ந்ததையே கொடுத்தான். ஏற்கெனவே இருந்ததில் இன்னும் கொஞ்சம். நெய்க்கு மேல் நெய்.

தெரிந்தவர்கள் இருந்தார்கள். கப்பலில் குதிரையோடு வந்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்லிக்கொடுக்க என்ன காரணம் இருந்தது? செத்த குதிரைக்கும் விலை கிடைத்தது. விற்பவரின் சகோதரரே வாங்குபவரின் அமைச்சர். மருத்துவர்களை வர விடவில்லை என்ற போலோவின் குற்றச்சாட்டு கடைத்தெரு வம்பாகக்கூட இருக்கலாம். ஆனால் யாரும் தடுக்கவே வேண்டியதில்லை, ஒப்பந்தமே போதும். வாங்கியவர்கள் குதிரையை மட்டும் வாங்கினார்கள். அதை உயிரோடு வைத்திருக்கும் அறிவைச் சரக்குப் பட்டியலில் சேர்க்கவில்லை.

மாணிக்கவாசகர் கதையில் பாண்டியன் கொடுத்த பணத்துக்கு வந்த குதிரைகள் இரவில் நரிகளாகி ஓடிவிடும். சின்ன வயதில் அதை வெறும் அதிசயக் கதையாகக் கேட்டேன். இப்போது, கஜானாவைக் காலி செய்து வாங்கிய குதிரைகள் காணாமல் போவதைப் பார்த்துப் பழகிய ஒரு நாட்டின் கதையாகவும் அது கேட்கிறது.

*

வீடு திரும்பியபோது லாத்தா வீட்டுக் கொல்லையில் ஒரு கிடா கட்டியிருந்தது. சுவரின் காரையை நக்கிக்கொண்டிருந்தது. சுவரையும் துணியையும் எலும்பையும் மெல்லும் பிராணி உப்பையோ தாதுவையோ தேடுகிறது என்று பொருள், சேட்டை இல்லை. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தயாரிக்கும் தாது உப்புக் கலவை ஒரு பொட்டலம் வாங்கி வந்து கொடுத்தேன். உள்ளே சாம்பல் நிறத் தூள். கால்சியம், பாஸ்பரஸ், தாமிரம், துத்தநாகம், கோபால்ட், அயோடின். சிலது கிராம் கணக்கில், சிலது மில்லிகிராம் கணக்கில். லாத்தா அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதைப் போயா ஆடு திங்கும்?" என்றார்.

சாயங்காலம் அவருடைய சின்ன மகள் ஒரு தட்டோடு வந்தாள். மதியம் மிஞ்சிய சோறு, மேலே கொஞ்சம் ஆணம்.

"மாமா, இதுக்குச் சோறு வைக்கட்டா?"

அவள் முகத்தில் அந்தச் சந்தோஷம் தெரிந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த சந்தோஷம்.

"ஒரு கைப்பிடி வை, போதும். மொதல்ல வா, தழை ஒடிச்சுட்டு வருவோம்" என்றேன்.